பெத்தவங்க ஒதுங்கிக்கணுமா?

திருவண்ணாமலையில், பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு செல்போன் காணாமல் போகிறது. ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையில் கால் வைக்க இடமில்லாத நேரம். சந்தேகத்தில் பிடிபட்ட பையனுக்கு 16 வயது. அடுத்த அரை மணி நேரத்தில் அவன் அம்மாவைச் சுற்றி ஆலோசனைக்காரர்கள் கூடிவிடுவார்கள்: டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் சித்தப்பா, ஸ்டேஷனில் ‘ஆள் தெரிந்த’ ஒருவர். சட்டம் தெரிந்தவர் வந்து சேர நாளாகும். அதற்குள் பாதிக் கெடுதல் நடந்து முடிந்திருக்கும்.

இப்படி வருகிற ஆலோசனைகளுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது. பெற்றவர்கள் ஒதுங்கி நின்றால் காரியம் சீக்கிரம் முடியும் என்பது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டமோ குடும்பத்தைப் பக்கத்திலேயே உட்காரச் சொல்கிறது.

“ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா அனுப்பிடுவாங்க.”

அனுப்பமாட்டார்கள் என்பதைவிட, கேட்கவே கூடாது என்பதுதான் விஷயம். 18 வயது நிறையாதவரிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தை நல காவல் அலுவலர் சீருடை இல்லாமல்தான் பேச வேண்டும். பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பையனை நிறுத்த வேண்டும். செல்போன் திருட்டு போன்றவை இந்தச் சட்டத்தின் கணக்கில் சிறு குற்றங்கள். பெரியவர்கள் கூட்டுச் சேர்ந்திருந்தாலோ, குற்றம் கொடியது என்றாலோ தவிர எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதே முறை. இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, நடைமுறையில் எத்தனை நாள் இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பெற்றவர் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் இரவில் விதிகள் கொஞ்சம் கூடுதலாகவே ஞாபகத்துக்கு வருகின்றன.

அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டியது பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அதுவும் இல்லையென்றால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று. வயதை முடிவு செய்ய சட்டம் பார்க்கும் வரிசை இதுதான். எலும்புப் பரிசோதனை எல்லாம் இவை எதுவும் இல்லாதபோதுதான். ஆதாரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

“ஜாமீனுக்கு லட்சக்கணக்குல ஆகும்.”

சிறார்களுக்கு ஜாமீன் என்பதே விதி, மறுப்பதுதான் விலக்கு. உத்தரவாததாரர் இல்லாமலும் விடலாம். வெளியே வந்தால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்க முடியும். மறுத்தால் காரணத்தை எழுதியாக வேண்டும். நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாத ஏழைக் குடும்பம் என்றால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பையனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் செலவுக்கு நகையை அடகு வைக்கவும் தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஜாமீன் விஷயத்தில் குழுமம் ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறது: இந்தப் பையன் வெளியே போனால் யாரிடம் போவான்? பதில் சொல்ல வேண்டியவர் எதிரே இல்லாவிட்டால் கேள்வி அப்படியே நிற்கும்.

“ஆபீசர் வந்தா வீட்டு விஷயத்தை வெளிய சொல்லாத.”

இருப்பதிலேயே அதிகம் கெடுதல் செய்வது இந்த ஆலோசனைதான் என்பது என் எண்ணம். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும். போலீஸ் விசாரணையில் இது சேராது. அந்தப் படிவத்தைப் பார்த்தால் புரியும்: வீட்டில் யார் யார், ஒருவரோடொருவர் எப்படி, எத்தனை அறை, பையன் எந்த வகுப்பில் ஏன் நின்றான், யாரோடு சுற்றுகிறான், வேலைக்குப் போனால் சம்பளம் எங்கே போகிறது, வீட்டில் கண்டிப்பு எப்படி, அதற்கு அவன் என்ன செய்வான், பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள். கடைசியில் அலுவலரின் பரிந்துரை. குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். அவர்கள் பையனின் வீட்டைப் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தாள்களின் வழியாகத்தான்.

அப்பா குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மா மறைக்கிறார். பக்கத்து வீட்டார் அலுவலரிடம் சொல்லிவிடுகிறார்கள். இப்போது அறிக்கையில் இரண்டு விஷயம் ஏறும்: அப்பா குடிக்கிறார், அம்மா சொல்வதை நம்ப முடியவில்லை. அதையே அம்மா முதலில் சொல்லி, “ஆனா எங்க அம்மா வீடு தண்டராம்பட்டுல இருக்கு, அங்க தங்க வச்சு ஸ்கூலுக்கு அனுப்புறேன்” என்று சேர்த்துச் சொன்னால், அறிக்கையில் பரிந்துரைக்க ஒரு வழி கிடைக்கிறது. இந்தப் பகுதியில் பூ கட்டுகிறவர், லாட்ஜில் துணி துவைக்கிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கெல்லாம் அலுவலர் வரும் நேரத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற ஒரு வரி அறிக்கையில் எவ்வளவு கனக்கும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டார் செய்யக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது. அன்றைக்குக் கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது, சின்னப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, அலுவலர் கேட்டால் உள்ளதைச் சொல்வது.

“அங்கயே கொஞ்ச நாள் கெடக்கட்டும், திருந்தி வருவான்.”

ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட வராத பெற்றோர் உண்டு. வெறுப்பினால் அல்ல. ‘சீர்திருத்தப் பள்ளி’ என்று நம் வாயில் ஒட்டிக்கொண்ட பெயர், பள்ளி என்ற வார்த்தையாலேயே ஒரு நம்பிக்கையைத் தருகிறது. சிறாருக்கென்று தனிச் சட்டம் 1920-லேயே சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. நூறு ஆண்டுப் பழக்கம் சீக்கிரம் போகாது.

2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் செங்கல்பட்டு அரசு சிறப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். அடித்ததாக இல்லக் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் கைதானார்கள். அந்தத் தாய் விடாமல் கேள்வி கேட்டார். அதன் பிறகுதான் அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்து, சிறார் இல்லங்களை ஆராயச் சொன்னது. எல்லா இல்லமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நல்ல கண்காணிப்பாளர்களும் இருக்கிறார்கள், பத்தாம் வகுப்பு எழுத வைத்த இல்லங்களும் உண்டு. ஆனால் நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டமே தன் அடிப்படைக் கோட்பாடுகளில் எழுதி வைத்திருக்கும்போது, முதல் வழியாக அதைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பது வேதனை. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோருக்கும் சேர்த்து ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று குழுமத்தின் கையில் பல வழிகள் இருக்கின்றன. சிறப்பு இல்லம் என்றாலும் அதிகபட்சம் மூன்று ஆண்டு.

இதில் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லாச் சிறார் இல்லமும் ஒன்று என்று நினைக்கிறார்கள். வீட்டை விட்டு ஓடி வந்த குழந்தை, கிரிவலப் பாதையில் பிச்சையெடுக்க வைக்கப்பட்ட குழந்தை, கூட்டத்தில் தொலைந்த குழந்தை எல்லாம் போக வேண்டியது குழந்தைகள் நலக்குழுவுக்கு. அவர்கள் மேல் குற்றச்சாட்டே கிடையாது. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊரில் வந்து இறங்கிய, பின்னாளில் ரமண மகரிஷியான வேங்கடராமனுக்கும் 16 வயதுதான், வீட்டில் சொல்லாமல் வந்தவர்தான். இன்று என்றால் ரயில் நிலையத்திலேயே யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டிருப்பார்கள்! இளைஞர் நீதிக் குழுமம் என்பது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறாருக்கு மட்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாவிட்டால், வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டால் போதும்.

“பையன் பண்ணதுக்கு அப்பன் ஜெயிலுக்குப் போவணும்.”

பொதுவாக இல்லை, அபராதம் விதித்தால் அதைக் கட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். ஒரு முக்கிய விலக்கு உண்டு, அது நம் தெருவிலேயே தினமும் ஓடுகிறது. மைனர் பையன் பைக் ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். தமக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றோம் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

“கேஸ் ஆயிடுச்சு, இனிமே வேலையே கிடைக்காது.”

சட்டம் இதில் தெளிவு. குழுமம் குற்றம் நடந்ததென்று முடிவு செய்தாலும் அதனால் வருகிற தகுதியிழப்பு எதுவும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றுக்காக அந்த வழக்கைப் போலீஸ் வெளியிடக் கூடாது. 16 வயதைக் கடந்து, கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டு, குழந்தைகள் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. பையனின் பெயர், படம், பள்ளி, முகவரி எதை வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பத்திரிகைக்கு மட்டுமல்ல, மற்றத் தகவல் தொடர்புக்கும் இது உண்டு. ‘உஷார், இவன்தான்’ என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுகிற அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான்.

இல்லத்தில் இருக்கும் பையனுக்குப் பரீட்சை வரும், அக்கா கல்யாணம் வரும், தாத்தா இறந்துபோவார். இதற்கெல்லாம் மேற்பார்வையோடு, பொதுவாக ஏழு நாள் வரை விடுப்பு தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. போய் வரும் நாள் அதில் சேராது. இந்தச் சந்தர்ப்பங்களெல்லாம் வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். கல்யாணப் பத்திரிகையோ ஹால் டிக்கெட்டோ வைத்து, இலவச வக்கீலிடம் சொல்லி முன்கூட்டியே மனுக் கொடுப்பது நல்லது.