நச்சு குறைந்த மார்க்கர் சோதனை: நெல் ஆய்வகத்துக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் சுவர்ணா-சப்1 நெல் 2009இல் இந்தியாவில் வெளியானது. எஃப்ஆர்13ஏ ரகத்தின் சப்1 மரபணுவைப் பின்கலப்பில் தலைமுறைதோறும் தொடர்ந்து தேர்ந்தெடுக்க உதவியவை டிஎன்ஏ மார்க்கர்கள். நம்மூர் சிஆர் 1009 சப்1 நெல்லும் இவ்வழியில் வந்ததே. ஒவ்வொரு தலைமுறையிலும் ஏராளமான நாற்றுகளைச் சோதிக்கும் மாணவர்கள் ஃபீனாலையும் அக்ரிலமைடையும் எத்திடியம் புரோமைடையும் கையாள்கிறார்கள். இவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

1. மார்க்கரைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பு இங்கேதான் தொடங்குகிறது. பெற்றோர் ரகங்களின் பட்டைகளுக்கிடையே 20 பேஸ் ஜோடிக்குமேல் வேறுபாடு இருந்தால் 3 முதல் 3.5 சதவீத அகரோஸ் ஜெல்லே போதும். வேறுபாடு மிகச் சிறிதானால்தான் அக்ரிலமைடு தேவைப்படும். நரம்பைத் தாக்கும் அந்தப் பொருள் தோல் வழியாகவும் உடலில் ஏறும். ஆகவே, மரபணுவுக்கு அருகிலேயே வேறொரு மார்க்கர் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள்.

2. ஃபீனாலும் குளோரோஃபார்மும் இல்லாமல் டிஎன்ஏ எடுங்கள். டிரிஸ், இடிடிஏ, பொட்டாசியம் குளோரைடு கலந்த கரைசலில் இளம் இலைத்துண்டை அரைத்து, சூடாக்கி, மையவிலக்கில் சுழற்றுங்கள். தெளிநீரில் ஐசோபுரோப்பனால் சேர்த்து டிஎன்ஏவைப் படியவைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவி, உலர்த்துங்கள். உப்பு தங்கினால் பிசிஆர் தடைபடும். இந்த டிஎன்ஏ நெடுநாள் சேமிப்புக்கு ஏற்றதல்ல.

3. சாயத்தை மாற்றுங்கள். எத்திடியம் புரோமைடுக்குப் பதில் சைபர் சேஃப் பயன்படுத்துங்கள். அப்போதும் கையுறை வேண்டும். பழைய ஜெல் தட்டுகளில் எத்திடியம் புரோமைடு ஒட்டியிருக்கும். புதியவற்றைத் தனியே வையுங்கள்.

4. புற ஊதா விளக்குக்குப் பதில் நீல ஒளி மேடையில், ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பட்டைகளைப் பாருங்கள். கண்ணும் தோலும் தப்பும், டிஎன்ஏவும் சிதையாது.

5. ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பழைய முறையில் முடிவு தெரிந்த நாற்றுகளைப் புதிய முறையிலும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஜெல்லிலும் இரு பெற்றோர், அவற்றின் எஃப்1, டிஎன்ஏ சேர்க்காத பிசிஆர் கலவை ஆகிய நான்கும் இருக்கட்டும். எஃப்1இல் இரு பட்டைகளும் தனித்தனியே தெரியாவிட்டால் அந்த மார்க்கரைக் கைவிடுங்கள். பின்கலப்பில் தவறான நாற்றைத் தேர்ந்தால் ஒரு பருவமே வீணாகும்.

6. மிஞ்சியிருக்கும் எத்திடியம் புரோமைடைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பிளீச்சும் சேர்க்காதீர்கள், அதனால் மரபணுவைப் பாதிக்கும் வேறு பொருள்கள் உருவாகும். தனிக்கலத்தில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. சாயத்தையும் விளக்கையும் முதலில் மாற்றுங்கள். அடுத்த கலப்பைத் திட்டமிடும்போதே அகரோஸுக்கு ஏற்ற மார்க்கர்களைப் பட்டியலிடுங்கள்.