பித்தளை பூட்டிய சீர்ப்பெட்டி

கேள்வி: எங்கள் கட்டடத்தில் மேல்மாடி குஜராத்தி வீட்டுக் கூடத்தில் ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி இருக்கிறது. முகப்பெல்லாம் பித்தளை, அடியில் சக்கரம். பாட்டி கல்யாணத்தில் கொண்டுவந்ததாம். இத்தாலியக் கல்யாணப் பெட்டிகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து வந்த வழக்கமா இது?
- ஒரு வாசகி, சயான், பம்பாய்

பதில்: இல்லை. அதன் பெயர் பட்டாரோ. சௌராஷ்டிரத்துச் சொந்தச் சரக்கு. தேக்குப் பலகையில் செய்து, மேலே பித்தளைத் தகடு வேய்ந்து, குமிழ் ஆணி அடிப்பார்கள். அந்தப் பக்கம் நல்ல மரம் குறைவு. மலபார் தேக்கு கப்பலேறி வந்தது. நிரம்பிய பெட்டியைத் தூக்கி மாளாது என்றுதான் சக்கரம். உங்கள் மாடிப்படியில் எப்படி ஏற்றினார்களோ!

உள்ளே பாத்திரம், துணிமணியோடு பெண் சிறுவயதிலிருந்தே தைத்துச் சேர்த்த பூவேலைகளும் வரும்: வாசலில் கட்டத் தோரண், சுவரில் மாட்டச் சதுரமான சாக்ளா. பெட்டிமேல் மெத்தை ரஜாய்களை அடுக்கி, இன்னொரு பூவேலைத் துணியால் போர்த்திவிடுவார்கள். வீட்டுக்கு வருகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். புது மருமகளின் மார்க் ஷீட் அது.

இத்தாலியப் பெட்டி காசோனே. 15ஆம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸில் பணக்கார வீட்டுக் கல்யாணத்துக்கு ஜோடியாகச் செய்வார்கள். முகப்பில் பழங்கதைக் காட்சிகளைத் தீட்டித் தங்கரேக்கு ஒட்டுவார்கள். அப்பொல்லோனியோ தி ஜொவான்னியின் பட்டறை இதற்குப் பேர்போனது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போகும் ஊர்வலத்தில் சீரோடு பெட்டியும் போகும், ஊரே பார்க்கும். ஆனால் நூற்றாண்டின் பிற்பாதியில் பெட்டிக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் மாப்பிள்ளைதான். 1472இல் லொரென்ஸோ மொரெல்லி அப்படிச் செய்வித்த ஜோடி லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. மற்ற பல பெட்டிகளைப் பிற்காலத்தில் உடைத்து, முகப்பை மட்டும் ஓவியமாக விற்றுவிட்டார்கள்.

அழகில் காசோனே ஒரு படி மேல்தான். இருந்தாலும் என் ஓட்டு பட்டாரோவுக்கே. அதற்குள் இருப்பது பெண்ணின் சொந்த உழைப்பு.

நம் வீடுகளில் சீர்வரிசைக்கு இரும்பு பீரோ வந்து மரப்பெட்டியை ஓரங்கட்டிவிட்டது. கோத்ரெஜ் கம்பெனி அந்த பீரோவைக் கொண்டுவந்தது 1923இல், இதே பம்பாயில்.

பட்டாரோவுக்குள் போகும் அந்தப் பூவேலைக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. கட்ச் பகுதியில் தேபாரியா ரபாரி சமூகப் பெண்கள் சீருக்கான துணிகளைத் தைத்து முடிக்க முடியாமல் முப்பது வயதுவரை பிறந்த வீட்டிலேயே காத்திருந்தார்கள். 1995இல் சமூகப் பெரியவர்கள் கூடி, சொந்த உபயோகத்துக்குப் பூவேலை செய்வதையே தடை செய்துவிட்டார்கள்.