நிரலாளர் பூசலும் சொற்றேர்வும்

கற்றோர் கூடிய இடத்தில் கருத்து வேற்றுமை உண்டாதல் இயல்பே. அஃது இல்லையாயின் கல்வி வளர்வதற்கும் இடமில்லை. ஆயின் எச்சொல்லால் மறுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே அம்மறுப்பு மற்றவர் நெஞ்சில் ஏறுவதும் ஏறாதொழிவதும் அமைகின்றன. நம் மாணாக்கர் பலர் இன்று கணினிக்கு நிரல் எழுதப் பயின்று, கடல் கடந்த நாட்டாரோடு கூடிப் பொதுநிரல்களைத் திருத்தும் பணியிலும் புகுகின்றனர். ஆண்டு ஒருவர் முகத்தை ஒருவர் காணார், குரலையுங் கேளார், எழுத்து ஒன்றே அவர்க்குத் தூது. ஆதலின் நிரலாளர் தம்முள் மாறுபடுங்கால் சொல்லைத் தெரிந்தெடுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதற்கு ஓர் ஆசிரியர்க்கும் ஒரு மாணாக்கர்க்கும் நிகழ்ந்த வழக்கே தக்க சான்றாகும். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் என்பார், மாணாக்கர் கற்கும்பொருட்டு மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணாக்கராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். 1992 ஜனவரி 29ஆம் நாள் பேராசிரியர், மினிக்ஸ் பயில்வோர் யாவரும் படிக்குமாறு ஒரு கடிதம் வரைந்து, லினக்ஸ் வழக்கொழிந்தது எனப் பொருள்படுந் தலைப்பை அதற்கு இட்டார். உள்ளே இருந்தவை நல்ல வாதங்களே. இயங்குதளத்தின் உட்கருவிலேயே எல்லா வேலைகளையும் ஒருங்கு திணித்தல் பழைய முறை. இன்றியமையாத சிலவற்றை மட்டும் கருவில் இருத்தி, ஏனையவற்றைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்தலே சிறந்த முறை என்பது ஒன்று. லினக்ஸ் இன்டெல் 386 வகை நுண்செயலியோடு இறுகப் பிணைந்துள்ளதாகலின் வேறு பொறிக்கு மாற்றுதல் அரிது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அமைதியாக ஆராயத்தக்கன. ஆயினும் படிப்போர் கண்ணில் முதலிற் பட்டது தலைப்பன்றோ?

டோர்வால்ட்ஸுக்கு அப்போது வயது 22. உடனே மறுமொழி விடுத்தார். கொள்கையளவில் பேராசிரியர் கூறிய முறையே மேலானது என்று அதில் அவர் ஒப்புக்கொண்டதும் உண்டு. ஆனால் மினிக்ஸின் குறைகளுக்கு ஆசிரியத் தொழில் நல்லதொரு சாக்கு என்னும் கருத்துப்பட எழுதிய வரியே பலர் மனத்தில் நின்றது, உடன்பாடு மறைந்துபோயிற்று. பேராசிரியரும், இவர் தம் மாணாக்கராயிருந்தால் இவ்வமைப்புக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்திராது என்று, நகைக்குறியும் இட்டு எழுதினார். (மதிப்பெண்ணை ஆயுதமாக எடுத்தல் ஆசிரியர்க்கு எவ்வளவு எளிது என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.) அந்நிலையில் பூசலின் வெம்மையைத் தணித்தது மற்றொரு வாதமன்று. முறை இதுவன்று என நட்புரிமையோடு ஒருவர் எழுதிய கடிதமேயாம். அதனைக் கண்ட டோர்வால்ட்ஸ், தாம் அளவு கடந்து எழுதியதாகச் சின்னாளிலேயே வெளிப்படையாக மன்னிப்பு வேண்டி, அக்கடிதம் எழுதியவர்க்கும் நன்றி கூறினார். வாதமோ நிற்கவில்லை, வசையின்றித் தொடர்ந்தது.

இதன் பயன் பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின்னர்த் தோன்றிற்று. 2004இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றன் சார்பில், லினக்ஸ் ஒரு மாணாக்கர் தாமே எழுதியதாயிராது, மினிக்ஸிலிருந்து கவர்ந்ததாகலாம் என்னும் ஐயம் கிளப்பப்பட்டபோது, அதனை முன்வந்து மறுத்தவர் டானன்பாமே. உட்கருவைப் பற்றிய தம் கொள்கையை அவர் விட்டாரல்லர். மாறுபட்டவரின் நேர்மைக்கு மட்டும் சான்று பகர்ந்தார்.

டோர்வால்ட்ஸ் அக்கடுமொழியைப் பின்னரும் முற்றக் கைவிட்டாரென்று கூறுதற்கில்லை. லினக்ஸ் திருத்தங்களை மறுக்குங்கால் அவர் வழங்கிய சொற்கள் பல ஆண்டுகள் பலரை வருத்தின. 2018 செப்டம்பரில் தம் நடக்கைக்கு வருந்தி எழுதிச் சில வாரம் பணியினின்று ஒதுங்கியிருந்து மீண்டார். அச்சமயமே லினக்ஸ் குழுவினர்க்கு ஒரு நடத்தை நெறியும் ஏற்படுத்தப்பட்டது.

வசைச்சொல் ஒன்றுதான் கேடு செய்யும் என்பதில்லை. அளவுக்கு மிஞ்சிய பொதுச்சொல்லும் வாதத்தை விழுங்கிவிடும். 1968இல் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர், நிரலின் எழுத்துவரிசையும் அஃது இயங்கும் வரிசையும் இயைந்திருத்தல் வேண்டும், தாவற் கட்டளை அவ்வியைபைக் குலைக்கும் என்று ஓர் ஆராய்ச்சி இதழுக்கு எழுதினார். அவர் இட்ட தலைப்பு தாவற் கட்டளைக்கு எதிரான ஒரு வழக்கு என்னும் அளவினதே. அது தீங்கானதெனக் கருதப்படுகிறது என்னும் தலைப்பைத் தந்தவர் அப்போது பதிப்பாசிரியராயிருந்த நிக்லாஸ் விர்த். தலைப்பு உலகெங்கும் பரவிற்று. காரணத்தைப் படித்தவர் சிலரே எனலாம். 1987இல் அவ்விதழிலேயே, அத்தலைப்பே தீங்கானதெனக் கருதப்படுகிறது என்றொரு கடிதமும், அக்கடிதமே தீங்கானதோ என்று மற்றொன்றும் வெளிவந்தன! இவற்றிடையே 1974இல் டொனால்டு நூத் எழுதிய கட்டுரையே நமக்கு உகந்தது. எவ்விடத்துத் தாவல் உதவும், எவ்விடத்து அதை நீக்குதல் நலம் என நிரல்களையே எடுத்துக்காட்டி அவர் பிரித்துரைத்தார்.

நம் மாணாக்கர்க்கு நேரும் சிறு நிகழ்ச்சியொன்றைக் கொள்வோம். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கணிக்கும் நிரலைத் தோழர் ஒருவர் எழுதியுள்ளார். தேர்வெழுதினோர் ஒருவருமில்லையாயின் கூட்டுத்தொகையைச் சுழியால் வகுக்க நேர்ந்து நிரல் நின்றுவிடும். 'இதுகூடத் தெரியாதா?' என வினவினால் தோழர் பிழையை விட்டுத் தம்மைக் காக்க முற்படுவார். 'இன்னும் சற்றுச் சீர்ப்படுத்தலாம்' எனக் குழைந்து எழுதினாலோ பிழை யாதென்றே அவர்க்கு விளங்காது; பணிவு என்னும் பெயரால் வழங்கும் இம்மயக்கமும் வசையை ஒத்த குறையே என்பது நம் துணிபு. 'பட்டியல் வெறுமையாயின் இந்த வரியில் நிரல் நிற்கிறது, வகுப்பதற்கு முன் எண்ணிக்கையைச் சோதித்தல் வேண்டும்' என்றால் மறுப்பும் முழுமையாயிற்று, மனமும் புண்படவில்லை.

தமிழர்க்கு இதில் தனித்ததோர் இடர்ப்பாடும் உண்டு. நாம் மாறுபடும்போது 'தாங்கள்', 'ஐயா' என்னும் சொற்களே பாதி வெம்மையைத் தணித்துவிடும். ஆங்கிலத்திலோ பெரியவர்க்கும் சிறியவர்க்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. 'தாங்கள் இதைச் சோதிக்கவில்லை' என்று எண்ணி நாம் எழுதும் ஆங்கில வாக்கியம், நியூயார்க்கிலோ பெர்லினிலோ படிப்பவர்க்கு 'நீ சோதிக்கவில்லை' என்பது போலவும் ஒலிக்கக்கூடும். ஆகவே அங்கு முன்னிலையை விடுத்து, நிரலையே எழுவாயாக்கி, 'இச்சார்பு வெறும் பட்டியலைச் சோதிக்கவில்லை' என்று எழுதலே தக்கது.