வள்ளத்தின் ஒருபக்க இழுப்பைச் சீர்செய்தல்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு)

அமரத்தில் மோட்டார் பூட்டிய வள்ளம் நேரே செல்லாமல் ஒருபக்கம் இழுப்பதும், கைப்பிடியைப் பிடித்திருப்பவர் கரை சேருமுன் தோள் சோர்ந்துபோவதும் முட்டம், குளச்சல் முதலிய துறைகளில் தொழில் செய்வோர் அறிந்த குறையேயாம். இதனை அற்பமென்று விட்டுவிடலாகாது. ஓடும்போது கை நழுவினால் மோட்டார் தானே திரும்பி வள்ளம் சடுதியில் வளையும். பிடித்திருந்தவர் கடலில் வீழ்ந்தால், ஆளற்ற வள்ளம் வட்டமிட்டு அவர் மீதே வரக்கூடும். அலை உடையுமிடத்தில் குறுக்கே திரும்பினால் கவிழ்தலும் உண்டு.

இதன் காரணம் யாது? பெரும்பாலான மோட்டார்களின் விசிறி, பின்னிருந்து பார்க்குங்கால் வலமாகச் சுழல்கிறது. விசிறியின் அச்சு நீரோட்டத்துக்கு நேராக இராமல் சாய்ந்திருந்தால், ஒருபக்கத்து இதழ் மறுபக்கத்து இதழினும் அதிகமாக நீரைத் தள்ளும். மோட்டாரின் கால் வள்ளத்தைவிட்டு வெளியே சாய்ந்திருப்பின் இடப்பக்கமும், உள்ளே மிக ஒடுங்கியிருப்பின் வலப்பக்கமும் வள்ளம் இழுப்பது இதனாலேயே.

சீர்செய்ய விரும்புவோர் அடியிற்கண்ட வரிசையைக் கைக்கொள்க.

முதலாவது, வலை, ஐஸ், ஆட்கள் ஆகிய பாரம் இருபுறமும் சமமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மோட்டார் நடுவில் நிற்கிறதா, அதன் பூட்டுத் திருகுகள் இறுகியுள்ளனவா என்று சோதிக்க வேண்டும். கூரிய அமரமுள்ள வள்ளத்தில் பக்கச் சட்டத்தில் பூட்டினால், மோட்டார் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அணியம் திரும்பும். சட்டத்தை இயன்றவரை நடுவை நோக்கி நகர்த்துவதே இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது, விசிறிக்கு மேலுள்ள தட்டைத் தகடு வள்ளத்தின் அடிப்பாகத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் தாழ்வாகவோ இருத்தல் நலம். சாய்வு ஆணியைத் துளை மாற்றிப் பொருத்தி, ஓடும்போது அச்சு நீர்மட்டத்துக்கு இணையாக நிற்கச் செய்க.

நான்காவது, விசிறிக்குப் பின்மேலாகத் தொங்கும் சிறு துடுப்பைக் கவனிக்க. மிகச் சிறிய மோட்டார் சிலவற்றில் இஃது இராது. மோட்டாரை நிறுத்தி, ஸ்பானரால் அதன் ஆணியைத் தளர்த்துக. வள்ளம் வலப்பக்கம் இழுத்தால் துடுப்பின் பின்முனையை வலப்பக்கமும், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கமும் சிறிதே திருப்பி இறுக்குக. பின்னர் அமைதியான நீரில், வழக்கமான பாரத்துடனும் வேகத்துடனும் ஓட்டிப் பார்த்து, வேண்டுமாயின் மீண்டும் சிறிது திருப்புக. ஒரு வேகத்துக்குச் சரியானது மற்றொரு வேகத்தில் சற்றே மாறும், அது குற்றமன்று. இத்துடுப்பு பல மோட்டார்களில் உப்பு நீரின் அரிப்பைத் தான் ஏற்று மோட்டாரைக் காக்கும் உலோகத்தால் ஆனது. ஆகவே அதற்கு வர்ணம் பூசலாகாது. தேய்ந்தால் புதிது மாற்ற வேண்டும்.

சிலர் கைப்பிடியின் திருப்புத் திருகை மிக இறுக்கி இழுப்பை மறைப்பர். இது தவறு. அலையில் சட்டென்று திருப்ப வேண்டிய சமயத்தில் மோட்டார் திரும்பாது. மோட்டாரை அணைக்கும் நிறுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது எவ்வாறாயினும் அவசியம்.

இவ்வேலைக்குப் பொதுப் பணிமனை பெரிதும் உதவும். 1980-ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீன் விற்பனையுடன் நில்லாது, ஒட்டுப்பலகை வள்ளம் கட்டும் தளங்களையும் மோட்டார் பழுதுபார்க்கும் நிலையங்களையும் நடத்தியது. தனியொருவருக்கு எட்டாத ஸ்பானரும் உதிரிப்பாகமும் சங்கத்துக்கு எட்டும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஆணித்துளை, துடுப்பின் நிலை, விசிறி மாற்றிய தேதி ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்தில் பதிந்துவைப்பின், மோட்டாரைக் கழற்றி மறுபடி பூட்டும்போது பழைய நிலை உடனே கிட்டும். மண்ணெண்ணெயும் மிஞ்சும், உயிரும் காக்கப்படும்.