கடலை மூட்டைக்குள் ஒரு எதிரி!

உத்திரமேரூர் பக்கம் கடலை போடுகிற குடும்பமா நீங்கள்? ஈரத்தோடு மூட்டை கட்டாதீங்க! பூஞ்சை பிடித்து ‘அஃப்ளடாக்ஸின்’ என்ற நஞ்சு உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாகச் செத்தபோது, தீவனக் கடலைப் பிண்ணாக்கில் பிடிபட்ட எதிரி இது.

கல்லீரலைக் கெடுக்கும் இந்த நஞ்சு, எலி, முயல் சோதனைகளில் விந்தணுக்களையும் குறைத்தது. வைட்டமின் சி, ஈ கொடுத்ததும் பாதிப்பு ஓரளவு தணிந்தது.

‘அப்போ மாத்திரை போட்டுக்கிட்டா போதுமே!’ என்கிறீர்களா? மனிதர்களிடம் அது நிரூபணமாகவில்லை. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் முதல் காவல் களத்தில்தான். கடலையை நன்றாகக் காய வையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வறுத்தாலும் நஞ்சு முழுசாகப் போகாது. சொத்தைதானே என்று மாட்டுக்கும் போட்டுடாதீங்க. பால் வழியாக உங்க வீட்டுக்கே திரும்பி வரும்!