சொன்ன சொல்லுக்காகச் சிறைப்பட்டவர்: நம் கடமை என்ன?



யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமின்றிச் சிறையில் பல ஆண்டுகள் இருந்ததை நம் பிள்ளைகளும் மக்தபில் படித்திருப்பார்கள். அந்த வரலாற்றில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. மன்னர் அவர்களைச் சிறையிலிருந்து அழைத்துவர ஆள் அனுப்புகிறார். யூசுஃப் (அலை) உடனே புறப்படவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். சிறைக் கதவு திறந்தால் மட்டும் போதாது, உண்மையும் வெளிவர வேண்டும் என்பது நமக்குள்ள படிப்பினை. இதை நம் காலத்து வழக்கு ஒன்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

டாக்டர் கஃபீல் கான் வழக்கு

உத்தரப் பிரதேசம் கோரக்பூரைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் டாக்டர் கஃபீல் கான். 2019 டிசம்பர் 12 அன்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். அதற்காக 2020 ஜனவரி 29 அன்று மும்பையில் கைது செய்யப்பட்டார். பிப்ரவரி 10 அன்று ஜாமீன் கிடைத்தது. அவர் வெளியே வருவதற்குள், பிப்ரவரி 13 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்க உத்தரவு வந்தது. 1980-இல் இயற்றப்பட்ட இச்சட்டப்படி, குற்ற விசாரணை இல்லாமலேயே ஒருவரை 12 மாதங்கள் வரை வைத்திருக்க முடியும்.

அவருடைய தாயார் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். 2020 செப்டம்பர் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி கோவிந்த் மாத்தூர், நீதிபதி சௌமித்ர தயாள் சிங் ஆகியோர் தடுப்புக் காவலை ரத்து செய்தார்கள். அன்று நள்ளிரவில் மதுரா சிறையிலிருந்து அவர் வெளியே வந்தார்.

தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நீதிபதிகள் பேச்சு முழுவதையும் படித்தார்கள். அதில் வெறுப்பையோ வன்முறையையோ தூண்டும் முயற்சி இல்லை, மக்கள் ஒற்றுமைக்கே அழைப்பு இருக்கிறது என்றார்கள். மாவட்ட மாஜிஸ்திரேட் சில பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சின் உண்மைக் கருத்தை விட்டுவிட்டார் என்றும் கூறினார்கள். இரண்டாவது, பேச்சு பதிவான சி.டி. அவருக்குத் தரப்பட்டது, அதைப் போட்டுக் கேட்கக் கருவி தரப்படவில்லை, எழுத்து வடிவமும் தரப்படவில்லை. ஆதாரத்தைக் கேட்கவே முடியாதவர் எப்படி மறுப்பு எழுதுவார்? அரசியல் சாசனத்தின் 22(5) பிரிவு தரும் உரிமை அங்கே வெறும் பேச்சாகிவிட்டது.

மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 17 அன்று ஏற்க மறுத்தது. அவர்மீதுள்ள குற்ற வழக்குகள் தனியே அதனதன் தன்மைப்படி நடக்கும் என்றும் சொன்னது.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதுபோல் நடந்தது. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜஸீம், தம் தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் கொண்ட அந்நூலே தீவிரவாதத்தைப் பரப்புவதாகச் சொல்லப்பட்டது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

யாருக்காக நிற்பது?

நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமனிலிருந்து வந்த வெளியூர் வியாபாரி ஒருவருக்கு மக்காவின் பெரிய மனிதர் செய்த அநீதியே அதற்குக் காரணம். அநீதிக்குள்ளானவர் எந்தக் குலத்தவர் என்று அங்கே பார்க்கவில்லை. ஆகவே அமைதியாகக் கருத்துச் சொன்னதற்காகச் சிறைப்படும் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், பத்திரிகையாளர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் நம் ஆதரவுக்கு உரியவரே. அவர் கருத்து நமக்கு உடன்பாடில்லாமல் போகலாம். அதற்காக அவர் உரிமை இல்லாமல் போய்விடாது. வன்முறையைத் தூண்டியவரின் சொல்லை நாம் ஆதரிப்பதில்லை. ஆனால் அவருக்கும் வழக்கறிஞரும் நியாயமான விசாரணையும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. முழுமையாகக் கேளுங்கள். செய்தியை விசாரித்து அறியும்படி சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. கைப்பேசியில் வரும் அரை நிமிடத் துண்டு வீடியோவை வைத்து ஒருவரைத் தூற்றவும் வேண்டாம், அதைப் பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். பேச்சின் முழுப் பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நாளை அதுவே சாட்சி.

2. சட்ட உதவியை உடனே தேடுங்கள். சாதாரணக் கைதில் 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே காவலுக்கான காரணங்களையும் ஆவணங்களையும் கேட்டு வாங்கி, தாமதமின்றி அரசுக்கு முறையீடு அனுப்ப வேண்டும். அடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. காவலில் இருப்பவர் யாராயினும், வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

3. குடும்பத்தை விட்டு விலகாதீர்கள். சம்பாதிப்பவர் உள்ளே போனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்கும். அதைவிட, பயந்துபோய் சலாம் சொல்லவும் தயங்கும் அண்டை வீட்டாரே அவர்களுக்குப் பெரிய வேதனை. ஜுமுஆ முடிந்து அந்த வீட்டு வாசலில் நின்று நலம் விசாரிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அநியாயமாகச் சிறையில் வாடும் அனைவருக்கும் விடுதலையையும், அவர்கள்மீதான பழி நீங்குவதையும் வல்ல ரஹ்மான் விரைவாக்குவானாக. அவர்களுக்குத் துணை நிற்கும் துணிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.