பண்ணையார் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குப் புதுச்சேரி வருகிறவர்கள் பலர் கடற்கரைச் சாலையோடு திரும்பிவிடுகிறார்கள். மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் பாகூர். இந்த இரண்டு கொம்யூன்களின் (உள்ளாட்சிப் பகுதிகளின்) ஊர்களில் தூண் வைத்த திண்ணையும் திறந்த முற்றமுமாகப் பழைய நிலக்கிழார் வீடுகள் ஆங்காங்கே நிற்கின்றன. பெரும்பாலானவை குடும்பங்கள் வாழும் வீடுகள். டிக்கெட்டும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. ஆகவே கொஞ்சம் தயாரிப்போடு போக வேண்டும்.

1. நகரத்தில் கண்ணைப் பழக்குங்கள்

பெரிய மார்க்கெட் அருகே ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. அவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர். 1736 முதல் 1761 ஜனவரியில் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதியவர். கீழ்த்தளம் செதுக்கிய மரத்தூண்களோடு தமிழ் முறையிலும், மேல்தளம் வெள்ளைக் காரைத் தூண்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்தவை. உள்ளே போக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றாலும் வெளியே நின்று பாருங்கள். இந்த இரண்டு கட்டுமுறைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், கிராமத்து வீட்டில் எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புலப்படும்.

2. வீட்டுக்கு முன் ஏரியைப் பாருங்கள்

பெரிய வீட்டைக் கட்டியது நெல். நெல்லை விளைவித்தது நீர். தென்பெண்ணை ஆற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு மூலநாதர் கோயிலுக்குப் போங்கள். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. நிலத்தின் விளைச்சல் யாருக்குப் போக வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். வில்லியனூர்ப் பக்கம் போனால் சங்கராபரணி ஆற்றையும் திருக்காமீசுவரர் கோயிலையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

3. அனுமதி கேளுங்கள்

ஊரில் இறங்கியதும் டீக்கடையிலோ கோயில் குருக்களிடமோ விசாரியுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்தால் வாசலில் தயக்கம் இருக்காது. காலை பத்து மணிக்கு மேல் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தையும் அதன் பிறகான ஓய்வு நேரத்தையும் தவிருங்கள். திண்ணைக்கு வெளியே நின்று, "ஐயா, பழைய வீடு பார்க்க ஆசைப்பட்டு வந்தோம். பார்க்கலாங்களா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். வெறுங்கையோடு போகாமல் பழம் வாங்கிப் போகலாம். குடித்துவிட்டு எந்த வீட்டு வாசலையும் மிதிக்காதீர்கள்.

4. வாசலிலிருந்து கொல்லை வரை வரிசையாகப் பாருங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் தொடங்குங்கள். குத்தகைக் கணக்கும் ஊர் வழக்கும் பேசித் தீர்த்த இடம் அது. யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவானது. பிறகு நடை, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம். முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். வெளிச்சமும் காற்றும் மழைநீரும் வீட்டுக்குள் இறங்கும் வழி தெரியும். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மாடி என்றால், கேட்காமல் ஏறாதீர்கள். பிள்ளைகளை அங்கே ஓட விடாதீர்கள். கடைசியாகப் பின்கட்டு: நெற்குதிர், மாட்டுக்கொட்டகை, கிணறு, களம். பண்ணையின் உழைப்பெல்லாம் நடந்தது இங்கேதான். முன்கட்டுக்குக் கொடுக்கும் நேரத்தை இதற்கும் கொடுங்கள்.

5. நல்ல கேள்விகள் கேளுங்கள்

சொத்து மதிப்பை விசாரிக்காதீர்கள். எந்த வாய்க்கால் பாய்ந்தது, எத்தனை காணி நிலம், அறுவடைக் கூலியை எந்த மரக்காலில் அளந்தார்கள் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்துக் கணக்கில் 100 குழி ஒரு காணி. 1973-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு என்ன மாறியது என்று பெரியவர்களிடம் கேட்கலாம். அதே ஊரில், அந்த நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்துப் பாட்டி ஒருவரிடமும் பேசுங்கள். வீட்டுக்காரர் சொல்லாத பாதி வரலாறு அவரிடம் இருக்கும்.

6. இவற்றைச் செய்யாதீர்கள்

பூஜையறையையோ அடுக்களையையோ வீட்டுப் பெண்களையோ கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கதவோ தூணோ விலைக்கு வருமா என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பழைய மரத்தைப் பெயர்த்து விற்றதால் அழிந்த வீடுகளும் உண்டு. வீட்டின் இருப்பிடத்தை அனுமதியில்லாமல் இணையத்தில் போடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் எடுத்த படங்களில் நல்லதாக நாலைந்தை அச்சிட்டு, கேட்டறிந்த செய்திகளையும் எழுதி அந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். இந்த வீடு மதிப்புள்ளது என்று வெளியாள் ஒருவர் சொன்னால், இடிப்பதா பழுதுபார்ப்பதா என்று யோசிக்கும் குடும்பம் இன்னொரு முறை யோசிக்கும்.